மதியம் மூன்று மணிக்கு என்ன வேலை? உங்களுக்கு ஒத்துவரும் தொழிலைக் கண்டுபிடிக்க ஒரு வழி

வருடா வருடம் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே என் போன் சூடாகிவிடும். பெரியம்மா வழி, மாமனார் வழி, பழைய ஹவுஸ் ஓனர் என்று யாராவது ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, பையன் 480 எடுத்திருக்கான், எதுல சேர்க்கலாம்?" என்பார்கள். பையனிடம் போனைக் கொடுங்கள் என்றால், "அவனுக்கு என்னங்க தெரியும், நீங்களே சொல்லுங்க" என்று பதில் வரும். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் படுத்தபிறகு மொட்டை மாடியிலிருந்து மெதுவான குரலில் கூப்பிடுவார்கள். டிகிரி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். "அண்ணா, இந்த வேலை எனக்கு செட் ஆகலை. வேற எது செட் ஆகும்னும் தெரியலை."

முதல் கூட்டத்துக்கும் இது உதவும். ஆனால் இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான் எழுதுகிறேன், நானே அந்தக் கூட்டத்தில் நாலு வருடம் இருந்தவன் என்பதால்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபி பக்கம் ஒரு கிராமம். கணக்கில் நல்ல மார்க், அதனால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். 2009-ல் முடித்து வெளியே வரும்போது அமெரிக்காவில் ஆரம்பித்த மந்தம் எங்கள் காலேஜ் வாசல் வரைக்கும் வந்திருந்தது. கேம்பஸில் ஆஃபர் லெட்டர் கொடுத்த கம்பெனி ஜாயினிங் தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் மெயிலுக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், எட்டு மாதம். சென்னையில் ஒரு பிபிஓ, ஒரு வருடம். அப்புறம் ஊருக்கு வந்து பேங்க் எக்ஸாம், இரண்டு வருடம். இப்போது பத்து வருடத்துக்கும் மேலாகத் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்சண்டைசர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கும் (பையர்) இங்கே செய்கிறவர்களுக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பவன். மெக்கானிக்கல் படிக்கும்போது இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. திருப்பூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான், அதுதான் வேடிக்கை.

"உனக்கு எதில் ஆர்வம்?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்

எல்லாரும் கேட்பது இதைத்தான். பதினேழு வயதுப் பையனுக்கு எதில் ஆர்வம் இருக்கும்? கிரிக்கெட், பைக், ரீல்ஸ். பொண்ணுங்களைக் கேட்டால் வீட்டில் திட்டு விழாத மாதிரி ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். பிரியாணி பிடிக்கும் என்பது ஒன்று, அதிகாலை நாலு மணிக்கு எழுந்து நாற்பது கிலோ வெங்காயம் நறுக்கப் பிடிக்கும் என்பது வேறு ஒன்று. நாம் ஆர்வம் என்று சொல்வது பெரும்பாலும் தட்டில் வந்து விழுந்த பிரியாணியைப் பற்றித்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், நமக்குத் தெரிந்த வேலைகளின் பட்டியல் ரொம்பச் சின்னது. டாக்டர், டீச்சர், போலீஸ், பேங்க், ஐடி, கவர்மெண்ட். சினிமாவில் வருகிறவை அல்லது நாம் கியூவில் நின்று பார்த்தவை, அவ்வளவுதான். இந்தப் பத்துப் பெயருக்குள் தேடிக்கொண்டு "எனக்கு எதுவுமே பிடிக்கலை" என்று சொன்னால் என்ன அர்த்தம்? கடையில் பத்துச் சட்டைதான் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதனால் முதல் வேலை பட்டியலைப் பெரிதாக்குவது. இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி உண்டு, சாயங்காலம் அரை மணி நேரம் போதும். வீட்டில் இருக்கிற ஒரு பொருளை எடுத்து முன்னால் வையுங்கள். ஒரு பால் பாக்கெட் என்று வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வருவதற்கு யார் யார் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர், கால்நடை மருத்துவர், தீவனக் கம்பெனிக்காரர், பால் சொசைட்டி செயலாளர், கொழுப்பும் திடச்சத்தும் பார்க்கும் டெஸ்டர், டேங்கர் டிரைவர், குளிரூட்டும் இயந்திரத்தைப் பராமரிக்கும் மெக்கானிக், பிளாண்ட்டில் இருக்கும் பால் தொழில்நுட்பம் படித்தவர் (இதற்கென்றே நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒரு பி.டெக். இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும்?), லேபில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோபயாலஜிஸ்ட், கவர் டிசைன் செய்தவர், அந்த பிளாஸ்டிக் ஃபிலிமை ஓட்டியவர், எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று ரூட் போடுகிறவர், கணக்கு எழுதுகிறவர், உணவுப் பாதுகாப்பு அதிகாரி. எழுதிக்கொண்டே போனால் இருபதைத் தாண்டும். இப்படி ஐந்து பொருளுக்குச் செய்தால் நூறு வேலை கையில். அதில் பாதிக்கு மேல் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

நூறும் வேண்டாம். படிக்கும்போதே 'ம்ஹும்' என்று தோன்றுவதை அடித்துவிட்டு ஒரு ஆறேழை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் யோசிக்க வேண்டியதில்லை.

மூன்று மணிக் கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துப் போவீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையில் இருப்பவரைப் பிடித்து, "வேலை எப்படி இருக்குங்க?" என்று கேட்காதீர்கள். பரவாயில்லை என்பார், அல்லது ஒரு மணி நேரம் புலம்புவார். இரண்டாலும் உபயோகம் இல்லை. இப்படிக் கேளுங்கள்: "நேத்து மதியம் மூணு மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

ஏன் மூன்று மணி என்றால், காலையில் எந்த வேலையும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். சாப்பிட்டு முடித்து, கண் சொக்கும் நேரத்தில், யாரும் பாராட்டாமல் நடந்துகொண்டிருக்கிறதே, அதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. வக்கீலைக் கேளுங்கள், கேஸ் கூப்பிடும் வரைக்கும் கோர்ட் வராண்டாவில் நின்று கடைசியில் வாய்தா வாங்கிக்கொண்டு வந்த கதையைச் சொல்வார். ஆடிட்டர் ஆபீஸில் ஆர்டிகிள்ஷிப் (சிஏ படிப்புக்கான பயிற்சி) பண்ணும் பொண்ணைக் கேட்டால், யாரோ ஒருவருடைய பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வரி வரியாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன் என்பாள். நர்ஸ், சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன் என்பார். சாஃப்ட்வேர்க்காரர் மீட்டிங்கில் இருந்திருப்பார், அல்லது வேறு யாரோ மூன்று வருடம் முன்னால் எழுதிவிட்டுப் போன கோடில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்திருப்பார். சைட் இன்ஜினியர் கம்பி வண்டி இன்னும் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்திருப்பார்.

இதைக் கேட்டதும் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். "அய்யோ" என்று இருக்கிறதா, "சரி, இதைச் செய்யலாம்" என்று இருக்கிறதா? எந்த வேலையிலும் சலிப்பு உண்டு. உங்களுக்கு எந்தச் சலிப்பு தாங்கும் என்பதுதான் கேள்வி.

நான் குவாலிட்டியில் இருந்தபோது என் மூன்று மணி இப்படி: கையில் மைக்ரோமீட்டர், முன்னால் ஒரு டிரே நிறைய புஷ் (நடுவில் துளையுள்ள சின்ன உலோகத் துண்டு), ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, துளை சரியா என்று பார்க்கும் பிளக் கேஜ் போட்டு, 'கோ' பக்கம் போக வேண்டும், 'நோ-கோ' பக்கம் போகக்கூடாது, ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். நாற்பதாவது புஷ் வரும்போது எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். பக்கத்து டேபிளில் இருந்த அண்ணன் அதையே பதினைந்து வருடமாக, ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, நிம்மதியாகச் செய்துகொண்டிருந்தார். ஒரு மைக்ரான் கூடினால் அவர் விரலுக்கே தெரியும். அவர் என்னைவிடக் குறைந்தவரும் இல்லை, நான் சோம்பேறியும் இல்லை. அது அவருடைய சலிப்பு, என்னுடையது இல்லை.

இப்போது என் மூன்று மணியைச் சொல்கிறேன். நேற்றைய கதையே. ஒரு ஜெர்மன் பையருக்குக் குழந்தைகள் டி-ஷர்ட், பச்சை நிறம். சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் வந்திருந்தது, சாம்பிளுக்குச் சாயம் போட்ட தீப்பெட்டி அளவு மூன்று துணித் துண்டு, ஏ, பி, சி என்று எழுதி. அதை லைட் பாக்ஸுக்குள் (பல வகை விளக்குகளை மாற்றி மாற்றிப் போடும் பெட்டி) வைத்து ஒரிஜினல் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் டி65 விளக்கு, அது பகல் வெளிச்சம். ஏ அச்சு அசலாக இருந்தது. ஸ்விட்சைத் தட்டி டிஎல்84 போட்டேன், அது ஐரோப்பாவில் கடைக்குள் இருக்கும் டியூப்லைட் மாதிரி. அதே ஏ லேசாக மஞ்சளடித்தது. பி இரண்டு வெளிச்சத்திலும் நின்றது. பட்டறைக்காரருக்குப் போன் போட்டால், "ஏ தானுங்க உங்களுக்கு மேட்ச், நாங்க அதையே ஓட்டிட்டு இருக்கோம்" என்கிறார். அவரை நிறுத்தி, கோபப்படாமல் பேசி, பி-க்கு மாற்ற வைத்து, அதற்குள் பையர் மெயில் போட்டுவிட, நடுவில் சாம்பிள் தைக்கிற டெய்லர் லீவு. இதுதான். இரண்டு நிறத்துக்கு நடுவில் இருக்கும் மயிரிழை வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டும், பத்துப் பேரைப் போனில் துரத்திக்கொண்டும் இருப்பது. கேட்கிற பாதிப் பேர் "இது என்னடா பொழப்பு" என்பார்கள். எனக்கு மூன்று மணி எப்போது ஆறு மணி ஆச்சு என்றே தெரியாது.

ஆளைப் பிடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு வேலைக்கு மூன்று பேர் வேண்டும்: சேர்ந்து இரண்டு வருடம் ஆனவர், பத்து வருடம் தாண்டியவர், அப்புறம் முக்கியமாக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். விட்டு வந்தவர்தான் உண்மையைச் சொல்வார், கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து. சீனியர் அக்கா, அண்ணன், பக்கத்துத் தெரு, அப்பாவோடு வேலை பார்ப்பவரின் மருமகன் என்று விசாரித்தால் கிடைப்பார்கள். மெசேஜ் நீளமாக வேண்டாம். "அண்ணா, நான் இன்னார் சொல்லி மெசேஜ் பண்றேன். உங்க வேலையைப் பத்தி இருபது நிமிஷம் கேட்டுக்கணும். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்க மாட்டேன். எப்போ போன் பண்ணலாம்?" அந்த மூன்றாவது வரி இருந்தால் பத்தில் ஆறு பேர் பேசுவார்கள், இது என் அனுபவக் கணக்கு. நேரில் டீக்கடையில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, டீக்காசு நீங்கள் கொடுங்கள்.

மூன்று மணிக் கேள்வி முடிந்ததும் இன்னும் இரண்டு கேளுங்கள். "உங்களோட சேர்ந்தவங்கள்ல யாரு விட்டுட்டுப் போனாங்க, ஏன்?" "அஞ்சு வருஷம் ஆனவங்க என்ன சம்பளம் வாங்குறாங்க?" உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மழுப்புவார்கள். அடுத்தவர் சம்பளம் என்றால் சட்டென்று வந்துவிடும்.

உங்கள் பழைய வருடங்களிலேயே தடயம் இருக்கும்

பேங்க் எக்ஸாமுக்குப் படித்த காலத்தில் நான் மாமாவின் ஜாப் ஒர்க் யூனிட்டில் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) சும்மா போய் உட்காருவேன், வீட்டில் இருந்தால் "ரிசல்ட் என்னாச்சு" என்று கேட்பார்கள் என்ற பயத்தில். பத்துப் பவர் டேபிள் மெஷின், ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஒரு நாள் துணி வராமல் ஆட்கள் சும்மா நிற்க, மாமா போனில் கத்தியதில், அப்புறம் அந்தப் பக்கம் ஆள் போனையே எடுக்கவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய், அவரோடு ஒரு டீ குடித்து, அவருக்கு எங்கே அடைப்பு என்று கேட்டு, சாயங்காலத்துக்குள் துணியோடு வந்தேன். அடுத்த வாரம் மாமா, "மாப்ளே, நீயே போய்ட்டு வா, உன்கிட்ட எவனும் கோவிச்சுக்க மாட்டேங்கிறான்" என்றார். அதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது: காலேஜில் டூருக்கு வண்டி பேச, ஹாஸ்டல் மெஸ்காரரோடு சண்டையைத் தீர்க்க, எல்லாரும் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் அதை ஒரு திறமை என்றே நினைத்தது கிடையாது. மார்க் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லையே.

நீங்களும் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். யாரும் சொல்லாமலே நீங்கள் செய்த வேலைகள் எவை? மற்றவர்கள் எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடுகிறார்கள்: போன் ரிப்பேர் பார்க்கவா, லெட்டர் எழுதவா, வாண்டுகளை மேய்க்கவா, கணக்குப் பார்க்கவா, கல்யாண வீட்டில் பந்தி பார்க்கவா? எதைச் செய்து முடித்தால் உடம்பு அசந்தாலும் மனசு அசராமல் இருக்கிறது? எதைப் பத்து நிமிடம் செய்தாலே தலை வலிக்கிறது? பொய் எழுதாதீர்கள், யாரும் படிக்கப் போவதில்லை. கடைசியாக வீட்டில் அம்மாவிடமும் இரண்டு நண்பர்களிடமும் "நான் எதுல கெட்டி?" என்று கேளுங்கள். நண்பர்கள் முதலில் கிண்டல் பண்ணுவார்கள், அதைத் தாண்டி ஐந்து நிமிடம் காத்திருந்தால் உருப்படியாக ஒன்று சொல்வார்கள்.

டெஸ்ட் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று எழுதலாம், ஆரம்பப் புள்ளியாக. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆட்களின் நாட்டத்தை ஆறாகப் பிரித்தார்: கையால் செய்வது, ஆராய்வது, கற்பனையால் படைப்பது, ஆளுக்கு உதவுவது, ஆளை இழுத்து வேலை நடத்துவது, ஒழுங்குபடுத்திக் கணக்கு வைப்பது. யாரும் ஒன்றில் மட்டும் இருக்க மாட்டார்கள், இரண்டு மூன்று கலந்துதான் இருக்கும். இதை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் அறுபது கேள்வியில் ஓர் இலவச டெஸ்ட் இருக்கிறது, ஆங்கிலத்தில். வருகிற வேலைப் பெயர்கள் அமெரிக்காவுக்கானவை, அதை விட்டுவிடுங்கள், உங்களுக்கு எந்த மூன்று மேலே வருகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கைரேகையை ஸ்கேன் பண்ணி "உங்க பையன் மூளையில இந்தப் பக்கம் ஸ்ட்ராங்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே, அந்த டிஎம்ஐடி டெஸ்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விரல் நுனி வரியை வைத்து எந்த வேலை ஒத்துவரும் என்று சொல்ல அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. அதற்குக் கிளி ஜோசியம் பார்க்கலாம், கிளிக்காவது நெல் கிடைக்கும்.

இரண்டு வாரம், கொஞ்சம் காசு

கேட்டுத் தெரிந்துகொண்டது பாதிதான். ஆறேழில் இரண்டு மூன்று மிஞ்சியிருக்கும். இனி ஒவ்வொன்றையும் சின்னதாகச் செய்து பார்க்க வேண்டும், ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால். ஒரு லட்சம் கட்டிவிட்டுத் தெரிந்துகொள்வதை ஐந்நூறு ரூபாயில் தெரிந்துகொள்ளலாம்.

கோடிங் என்றால், இலவசமாகக் கிடைக்கும் பாடங்களே எக்கச்சக்கம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேரக் காசு இல்லை, சர்ட்டிபிகேட் பரீட்சைக்குத்தான் கட்டணம். ஆனால் வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பதைக் கோடிங் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். மூன்றாவது நாள் உங்களுடைய சின்ன புரோகிராம் ஒன்று ஓடாமல் அடம் பிடிக்கும். அப்போது லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போகிறீர்களா, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு எங்கே தப்பு என்று தேடுகிறீர்களா, அதுதான் டெஸ்ட். அக்கவுண்ட்ஸ் என்றால் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் சம்பளம் இல்லாமல் இரண்டு வாரம் உட்கார அனுமதி கேளுங்கள், முடிந்தால் ஜூலை கடைசியில், வருமான வரி ரிட்டர்னுக்கு வழக்கமான கடைசி நாள் 31 என்பதால் அப்போதுதான் அந்தத் தொழிலின் நிஜ முகம் தெரியும். மாதா மாதம் ஜிஎஸ்டிக்கு 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று ஓடுவதையும் பார்க்கலாம். டீச்சிங் என்றால் தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மாதம் டியூஷன். நல்லாப் படிக்கிற பிள்ளை வேண்டாம், ஏழாவது தடவை சொல்லியும் புரியாத ஒரு வாண்டு அதில் இருக்க வேண்டும். சேல்ஸ் என்றால் தீபாவளி சீசனில் ஏதாவது ஒரு கடையில் கவுண்டரில் நில்லுங்கள்.

வெல்டிங், ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன் மாதிரி கை வேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இதைச் சொன்னாலே வீட்டில் முகம் மாறும். ஆனால் எங்கள் யூனிட்டில் நள்ளிரவில் கம்ப்ரெசர் நின்றால் வருகிறவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுகிறோம். ஐடிஐ-யில் வெல்டர் ஒரு வருடம், எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் இரண்டு வருடம். பிடித்துச் செய்கிற பையனைப் பிடிக்காத டிகிரியில் தள்ளி நாலு வருடம் அரியர் வைக்க விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்து பார்க்கும்போது தினமும் ராத்திரி மூன்று வரி எழுதுங்கள். நேரம் எப்படிப் போச்சு, எங்கே எரிச்சல் வந்தது, தப்பு என்று யாராவது சொன்னபோது எப்படி இருந்தது. முதல் இரண்டு நாள் எழுதியதை நம்பாதீர்கள், புது மாப்பிள்ளை கதைதான். ஒரு வாரம் கழித்து எழுதியதைப் பாருங்கள்.

கவர்மெண்ட் எக்ஸாம் எழுதுகிறவர்களுக்குத் தனியாக

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நானே இரண்டு வருடம் அந்த அறைக்குள் இருந்தேன். ஆனால் எண்களைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதாவது ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல், அப்புறம் இடங்களைக் கூட்டினார்கள்.

முதலில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று மணி நேரம் 200 கேள்விக்கும் எழுதிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். இரண்டாவது, இதை யாருமே செய்வதில்லை: அந்த வேலையைப் போய்ப் பாருங்கள். விஏஓ ஆக வேண்டும் என்று மூன்று வருடம் படிக்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு விஏஓ ஆபீஸில் அரை நாள் நின்று பார்த்திருக்கிறார்கள்? அடங்கல், பட்டா மாறுதல், சான்றிதழுக்கு வந்து நிற்கும் கூட்டம், வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் கத்துவது, மழை வெள்ளம் என்றால் ராத்திரியிலும் ஓடுவது. பிடித்திருந்தால் இன்னும் வெறியோடு படிப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் மூன்று வருடம் மிச்சம். மூன்றாவது, இத்தனை அட்டெம்ப்ட் என்று ஒரு தேதியை இப்போதே எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பது அப்படியே நீண்டுகொண்டே போகும்.

வீட்டுக் கணக்கு

வீட்டு நிலைமையைப் பேசாமல் தொழில் தேர்வு பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கல்விக் கடன் ஓடுகிறதா, தங்கச்சி படிக்கிறாளா, அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருடம் வேலை, நீங்கள் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதம்தான் முடியும் என்றால், இரண்டு வருடம் கழித்துக் காசு தரும் வழியை நேராக எடுக்க முடியாது. கிடைத்த வேலையில் இருந்துகொண்டு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் மேலே சொன்னதையெல்லாம் செய்ய வேண்டும். மெதுவாகத்தான் ஆகும், பரவாயில்லை. பெண்களுக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது: நைட் ஷிப்ட், ஹாஸ்டல், கடைசி பஸ், "கல்யாணத்துக்கு அப்புறம் விடுவாங்களா". இந்தக் கேள்விகள் நியாயமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பெண்களிடம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்தால் வீட்டில் பேசும்போது வாய் அடைக்காது.

ஒரு தடவை எடுத்த முடிவு ஆயுசுக்கும் என்று பயப்படவும் வேண்டாம், மாறும் கதவுகள் நிறைய உண்டு. இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடத்தில். எந்த டிகிரிக்குப் பிறகும் மூன்று வருடச் சட்டப் படிப்பு இருக்கிறது. டிகிரியில் காமர்ஸ் என்றால் 55 சதவீதம், மற்றவை என்றால் 60 சதவீதம் இருந்தால் சிஏ-வில் ஃபவுண்டேஷன் இல்லாமல் இண்டர்மீடியட்டுக்கே போகலாம். நான் எந்தக் கதவும் தட்டவில்லை, மெக்கானிக்கல் டிகிரியோடு நேராகத் துணிக்குள் வந்தேன். முதல் சம்பளம் பிபிஓ-வில் வாங்கியதைவிடக் குறைவு, ஒன்றரை வருடம் கழித்துத்தான் அதைத் தொட்டது.

அப்பாவிடம் பேசும்போது

"எனக்கு இது பிடிக்கலைப்பா" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவர் காதில் அது "நீங்க செலவு பண்ணினது வீண்" என்று விழும். தாளோடு போங்கள். நான் பேசிய மூன்று பேர் இவர்கள், ஐந்து வருடத்தில் சம்பளம் இது, இரண்டு வாரம் செய்து பார்த்தேன், இதோ எழுதி வைத்திருக்கிறேன், எனக்கு ஆறு மாதம் வேண்டும், நடக்காவிட்டால் இதைச் செய்கிறேன். முக்கியமாக அந்தக் கடைசி வரி. பெரும்பாலான அப்பாக்களுக்குப் பயம் நீங்கள் தோற்றுவிடுவீர்கள் என்பதைவிட, தோற்றபிறகு என்ன செய்வீர்கள் என்பதில்தான். எல்லா அப்பாக்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் நான் இல்லாத நேரம் பார்த்து மாமாவிடம் போய், "அந்த வேலைல பையன் என்னதான் பண்றான்?" என்று கேட்டிருக்கிறார். மாமா அவரைக் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதியம் இரண்டரை, மூன்று இருக்கும். நான் லைட் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் பச்சைதானே?" என்றார். ஸ்விட்சைத் தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், "அட" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

ஊரில் இன்னமும் "பையன் இன்ஜினியருங்க, திருப்பூர்ல இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்துவதில்லை.